கீழ் பாத்ரூமின் துக்கப் பூச்சிகள்

சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் நீங்கள் எங்கே குளிப்பீர்கள்? தனி வீடு என்றால் பின்பக்கம் ஒரு குழாயடி இருக்கும், வாசல் வழியாக நுழையாமல் சுவரோரமாகவே நடந்து போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்துணியோடு உள்ளே போய்விடலாம். மாடிமேல் மாடியாகக் குடியிருப்பவர்கள் என்ன செய்வார்கள்? தீட்டோடு லிஃப்டில் ஏற முடியுமா, ஏறினால் அடுத்து ஏறுகிறவர் முகம் சுளிக்காமல் இருப்பாரா, வீட்டுக்குள் போய்த்தான் குளிக்க வேண்டுமென்றால் சாமி படம் மாட்டிய கூடத்தைத் தாண்டாமல் எந்த பாத்ரூமுக்குப் போவது? திருச்சிக்கு வெளியே, வயலாக இருந்து மனையாக மாறிய ஓர் இடத்தில் நிற்கும் தாழம்பூ குடியிருப்பில் இதற்கெல்லாம் ஒரு பதில் இருந்தது. கார் நிறுத்தும் இடத்தின் கடைசி மூலையில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், டிரைவர்களுக்கென்று பில்டர் கட்டிவிட்டுப் போன சின்ன பாத்ரூம். டிரைவர் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அங்கே யாருக்கும் வசதி இல்லை. அதனால் அது சும்மா கிடந்தது. ஒருநாள் யாரோ ஒருவர் துக்கத்துக்குப் போய்விட்டு வந்து அங்கே குளித்தார், மேலே இருந்து அவர் வீட்டுக்காரி மாற்றுத்துணியைப் பையில் போட்டுக் கயிறு கட்டி இறக்கினாள், அவ்வளவுதான், கூட்டம் போடாமல், கையெழுத்து வாங்காமல், அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஒரு நீல வாளி, பிடி உடைந்த ஒரு மக், துணி மாட்ட ஓர் ஆணி, கம்பிச் சல்லடை போட்ட சாக்கடை வாய், இவ்வளவுதான் அந்த பாத்ரூம்.

அந்தச் சாக்கடை வாயில்தான் பூச்சிகள் பிறந்தன. உங்கள் வீட்டு பாத்ரூமிலும் பார்த்திருப்பீர்கள். கொசுவும் இல்லை, ஈயும் இல்லை, எள்ளளவு உடம்பு, சாம்பல் நிறம், இறக்கையை விரித்து வைத்தால் அரசிலையைக் குட்டியாக நறுக்கி ஒட்டியதுபோல டைல்ஸில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், கடிக்காது, ரீங்காரம் போடாது, விரலால் அமுக்கினால் ரத்தம் வராமல் திருநீறு தீற்றியதுபோல ஒரு கோடு மட்டும் விழும். அதே பூச்சிதான். ஆனால் தாழம்பூ குடியிருப்பின் கீழ் பாத்ரூமில் பிறந்தவை பறந்து வந்து மனிதர்கள்மேல் உட்கார்ந்தன, உட்கார்ந்த இடத்திலேயே கரைந்து போயின, கரைந்ததும் அந்த மனிதர் முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்காகக் கதறி அழுதார்.

முதலில் அழுதது ரெஜினா டீச்சர். அவர் சர்ச்சுக்குப் போகிறவர், அந்த பாத்ரூமுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை, ஆனால் ஸ்கூட்டரை அதன் கதவோரம்தான் நிறுத்துவார். ஒரு சாயங்காலம் ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, "பெரியப்பா! இனிமே எனக்கு யாரு முறுக்கைக் காப்பியில நனைச்சுத் தருவா!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். வாட்ச்மேன் அந்தோணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டீச்சருக்குப் பெரியப்பாவே கிடையாது என்பது அவருக்குத் தெரியும். பெரியப்பாவைப் பறிகொடுத்தவர் மூன்றாவது மாடி நாகராஜன், அன்றைக்கு மத்தியானம்தான் கும்பகோணத்தில் காரியத்தை முடித்துவிட்டு வந்து கீழே தலைக்கு ஊற்றிக்கொண்டு மேலே போனவர், அந்த நேரத்தில் மோர் குடித்தபடி கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் அனுப்பி அவரைக் கூட்டி வந்தார்கள். நாகராஜன் டீச்சர் முன்னால் நின்று, டிவியில் செய்தி கேட்பதுபோலத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"எங்க பெரியப்பாதான் டீச்சர். கடைசிப் பல்லும் போனப்புறம் நனைச்சுத்தான் சாப்பிடுவாரு. எனக்கும் ஒரு துண்டு தருவாரு."

"அப்ப நீங்க அழுங்களேன் சார், என்னை விட்டுடச் சொல்லுங்களேன்!"

"எனக்கு வரலையே டீச்சர்" என்றார் நாகராஜன். தாடையைத் தடவிக்கொண்டார். "நல்லதுதான். நாளைக்கு ஆபீஸ்ல ஆடிட்டிங்."

டீச்சர் அழுது முடித்தார். அழுது முடித்ததும் அது போய்விட்டது. எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறிப் போனார்.

இப்படித்தான் விஷயம் புரிந்தது. குளித்தவர் உடம்பைவிட்டுத் தண்ணீரோடு இறங்கியது சாக்கடைக்குப் போகிறது, சாக்கடையில் கொஞ்ச நாளோ கொஞ்ச நேரமோ ஊறி இறக்கை முளைத்து மேலே வருகிறது, வந்து யார் கிடைக்கிறாரோ அவர்மேல் உட்கார்கிறது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. குழாயில் ஏன் உப்புத் தண்ணீர் வருகிறது, மூன்றாவது மாடிச் சுவரில் மட்டும் ஏன் ஓதம் அடிக்கிறது என்று கேட்டு யாருக்கு என்ன பதில் கிடைத்தது? அந்தக் குடியிருப்புக்காரர்கள் பூச்சியோடு வாழப் பழகினார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளைப் பின்பக்கப் படிக்கட்டு வழியாக அனுப்பினார்கள். முகூர்த்தத்துக்குக் கிளம்புகிறவர்கள் முக்காடு போட்டுக்கொண்டு கார் வரைக்கும் ஓடினார்கள். யாராவது திடீரென்று அழுதால் சுற்றி நின்று, "யாரு வீட்டுதுன்னு தெரியுதா? மாமியாரா? கீரை ஆயும்போது தூங்கி விழுவாங்களா? அப்ப நம்ம பத்மாவதி வீட்டுது" என்று, வீடு மாறி வந்த கூரியரைப்போலச் சொந்தக்காரரைக் கண்டுபிடித்தார்கள். தன் வீட்டுச் சாவுக்கு யார் அழுதாரோ அவருக்குச் செத்தவர் வீட்டிலிருந்து ஒரு தட்டுப் பலகாரம் அனுப்புவது என்று ஒரு முறையும் தானாக வந்தது. வயதான ஒரு சிலர் மட்டும், கண்ணில் தண்ணீர் வந்து பல வருஷமாகிறது என்று சொல்லி, மாலை வேளையில் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து அந்த பாத்ரூம் வாசலில் போட்டுக்கொண்டு, யாருடையதாவது வந்து உட்காராதா என்று காத்திருந்தார்கள்.

செக்ரட்டரி சபாபதிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. மின்சார ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முதல் மாடியில் இருந்தார், மனைவி ஓசூரில் மகள் பிரசவத்துக்குப் போனவர் பேரனை விட்டுவர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். இவருக்குச் சத்தம் போடாமல் பேச வராது. வண்டியைக் கோணலாக நிறுத்தினால் சத்தம், குப்பையைப் பிரிக்காமல் போட்டால் சத்தம். "அழறதுன்னா அவனவன் அவனவன் வீட்டுக்குள்ள அழணும்! பொது இடத்தில என்ன அழுகை?" என்று அதற்கும் சத்தம்.

அவரிடம் அதிகமாகத் திட்டு வாங்குவது இரண்டாவது மாடி பூங்கோதைதான். அதிகமாகச் சிரிப்பதும் அவள்தான்.

"ஏம்மா கோதை, உன் வீட்டுத் துணி என் தலையில சொட்டுது!"

"மழைன்னு நினைச்சுக்கோங்க சார், வெயில் காலத்துக்குக் குளிர்ச்சி!"

துறையூர்ப் பக்கத்து ஊரில் பன்னிரண்டு வரைக்கும் படித்து, செல்வகணபதியைக் கட்டிக்கொண்டு வந்தவள் அவள். எதற்கும் ஒரு வழி வைத்திருப்பாள். குக்கர் விசில் அடிக்கவில்லையா, கோதையைக் கூப்பிடு. பிள்ளைக்குப் பால் விக்கிக்கொண்டதா, கோதையைக் கூப்பிடு. நாலு வயது மகள் தன்யஸ்ரீயை இடுப்பில் இடுக்கிக்கொண்டே அடுத்த வீட்டு மிக்ஸியைக் கழற்றி மாட்டிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு வழி தெரியாத விஷயம் ஒன்றே ஒன்று இருந்தது. அது அவள் அண்ணன் மருதமுத்து.

மருதமுத்து வெங்காய லோடு அடிக்கிற குட்டியானை வண்டி வைத்திருந்தான். அவளைவிட எட்டு வயது மூத்தவன், அப்பா இல்லாத வீட்டில் அவளுக்கு அப்பாவும் அவன்தான். இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது கோதை எல்லாருக்கும் போனிலேயே அழைப்பு அனுப்பினாள், பூவும் மணியும் ஆடுகிற அழகான வீடியோ. அண்ணனுக்கும் அதையே அனுப்பினாள். அண்ணன்தானே, அவனுக்கு என்ன தனியாக என்று நினைத்தாள். அவனோ, கூடப்பிறந்தவளும் மாப்பிள்ளையும் தாம்பூலத் தட்டோடு நேரில் வந்து அழைப்பார்கள் என்று வாசலில் கோலம் போட வைத்துக் காத்திருந்தான். அழைக்க வராத வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவன் வரவில்லை. பிறந்த வீட்டுச் சீர் வைக்க வேண்டிய இடம், மாமியார் நாத்தனார் எல்லாரும் பார்க்க, வெறுமையாகக் கிடந்ததே என்று இவளுக்குக் கோபம். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்ததால் இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. ஆனால் காந்தி மார்க்கெட்டுக்கு லோடு வரும்போதெல்லாம் அவன் வழியில் வண்டியை நிறுத்தி, சின்ன வெங்காயம் ஒரு பையை அந்தோணியிடம் வைத்துவிட்டு, மேலே நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போய்விடுவான். இவளும் பால்கனியில் நின்று பார்ப்பாள், கூப்பிடமாட்டாள், வெங்காயத்தை மட்டும் எடுத்து உரித்துக் குழம்பு வைப்பாள். தீபாவளிக்குத் தட்டு எடுத்துக்கொண்டு போவோம் என்று நினைத்தாள், பொங்கலுக்குப் போவோம் என்று நினைத்தாள், தன்யஸ்ரீக்குப் பள்ளிக்கூடம் லீவு விடட்டும் என்று நினைத்தாள். ஒருநாள் காலையில் மார்க்கெட்டில் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தவன், தூங்குகிறான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்க, எழுந்திருக்கவே இல்லை.

சாவு வீட்டில் கோதை அழவில்லை. அழவிடவில்லை ஊர். அவள் உள்ளே நுழைந்ததும் அண்ணி தலையைத் தூக்கி, "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா கோதை?" என்று கேட்டாள், கேட்டதும் பக்கத்தில் இருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்தி அவள் வாயைப் பார்த்தார்கள். தொண்டை வரைக்கும் வந்தது அங்கேயே நின்று கல்லாகிவிட்டது. அந்தக் கல்லோடுதான் அவனைத் தூக்கிப் போவதைப் பார்த்தாள், அந்தக் கல்லோடுதான் பஸ் ஏறினாள், அந்தக் கல்லோடுதான் கீழ் பாத்ரூமுக்குள் நுழைந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.

துக்கத்துக்குப் போய்விட்டு வந்தவர்கள் அங்கே ஒரு வாளி ஊற்றிக்கொள்வார்கள். கோதை ஒரு வாளி ஊற்றினாள். கொஞ்சம் இலேசானது. இந்த பாத்ரூம் என்ன செய்யும் என்பது எல்லாரையும்போல அவளுக்கும் தெரியும், தெரிந்தேதான் இன்னொரு வாளி பிடித்தாள். இறங்கட்டும், எல்லாம் இறங்கட்டும், பிள்ளைக்குச் சோறு ஊட்ட வேண்டும், மாவு புளித்துக் கிடக்கிறது, நான் ஒருத்தி படுத்துவிட்டால் வீடு படுத்துவிடும் என்று சொல்லிச் சொல்லி ஊற்றினாள். வாளி நிறைய நிறைய ஊற்றினாள், தொட்டித் தண்ணீர் தீர்ந்து குழாய் கரகரவென்று காற்றைக் கக்கும்வரை ஊற்றினாள். அதன்பிறகு தொண்டையில் கல் இல்லை. மேலே போய்த் தக்காளிச் சாதம் கிளறி அப்பளம் பொரித்தாள். பொரித்துக்கொண்டே பாட்டு முணுமுணுத்தாள். செல்வகணபதி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான்.

"ஏன் கோதை, கொஞ்சம் படுத்துக்கறியா?"

"படுத்தா பாத்திரம் யாரு விளக்குவா? சாப்பிடுங்க, ஆறிடும்."

அடுத்த வாரம் பூச்சிகள் வந்தன. மற்றவர்கள் துக்கம் ஒன்றிரண்டாக வரும், இது புகைபோல வந்தது. சல்லடைக் கம்பி வழியாகப் பொங்கி, கதவிடுக்கில் கசிந்து, படிக்கட்டேறி, லிஃப்டுக்குள் புகுந்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மிதியடிமேல் உட்கார்ந்து காத்திருந்தது. தாழம்பூ குடியிருப்பு மொத்தமும் மருதமுத்துவுக்காக அழுதது. நாகராஜன் லேப்டாப் பையோடு படியில் உட்கார்ந்து, "அண்ணே, தோசையில நடுவை எனக்குக் குடுத்துட்டு ஓரத்தை நீ தின்னியேண்ணே!" என்று அழுதார். ரெஜினா டீச்சர் ப்ளஸ் ஒன் டியூஷன் நடுவில் சாக்பீஸைப் போட்டுவிட்டு, "என்னை சைக்கிள்ல வச்சுத் தள்ளிக்கிட்டே பரீட்சை ஹால் வரைக்கும் வந்தியே!" என்று அழுதார். பல் விழுந்த கிழவர் முதல் பல் முளைக்காத பிள்ளை வரைக்கும் ஆணும் பெண்ணும் "அண்ணே, அண்ணே" என்று அழுதார்கள். தன்யஸ்ரீமேலும் ஒன்று உட்கார்ந்தது, அவளும் தன் மாமனை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டு அழுதாள். அந்தக் கட்டடத்துக்கே ஒரே அண்ணன், அவன் செத்துப் போனான் என்பதுபோல இருந்தது. முறை தவறக்கூடாதே என்று கோதை வீடு வீடாகப் பலகாரம் அனுப்பினாள். போண்டா சுட்டாள், சுழியம் சுட்டாள், சுட்டுச் சுட்டு மணிக்கட்டு வீங்கியது, எண்ணெய்ப் புகைக்குப் பயந்து பூச்சி எதுவும் அவளை அண்டவில்லை, அந்தப் புகையில் கண் எரிந்தது, எரிந்த கண்ணில் தண்ணீர் மட்டும் வரவில்லை.

கடைசியில் பெண்கள் நாலு பேர் சேர்ந்து வந்தார்கள். பத்மாவதிதான் பேசினாள்.

"தப்பா நினைச்சுக்காதே கோதை. உங்கண்ணன் தங்கமான மனுஷன்தான், அதான் எங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே. ஆனா முடியலைடி. நான் குழம்புக்கு உப்புப் போட்டேனா இல்லையான்னுகூட ஞாபகம் இல்லை. எங்க வீட்டுக்காரர் அவங்க சொந்தத் தம்பி செத்ததுக்குக்கூட இப்படி அழலை."

கோதைக்கு வெட்கமாகப் போய்விட்டது. தன் பிள்ளை அடுத்த வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டதுபோல வெட்கம். "இதுக்கா நாலு பேரு வந்தீங்க? ஒரு அண்டா வெந்நீர் விஷயம்" என்று சிரித்தாள். பெரிய அண்டாவில் தளதளவென்று தண்ணீர் கொதிக்க வைத்தாள், கல்லுப்பும் சோடா மாவும் கைநிறைய அள்ளிப் போட்டாள், செல்வகணபதியை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லித் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடை வாயில் ஊற்றினாள். சல்லடையைக் கழற்றித் தேங்காய் நாரால் தேய்த்தாள், உள்ளே கை விட்டு வழுவழுவென்று ஒட்டியிருந்ததையெல்லாம் வழித்துப் போட்டாள், பினாயில் விட்டாள், கதவைச் சாத்தி சாம்பிராணி போட்டாள். திறந்தபோது நாலு சுவரும் திருநீறு பூசியதுபோல இருந்தது. ஒரு வாளி தண்ணீரை வீசி அடித்தாள், அதுவும் போய்விட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். ரெஜினா டீச்சர் கேக் செய்து கொடுத்தார். அந்தப் பக்கமாகப் போன சபாபதி மட்டும் சட்டைக் காலரைக் கையால் பொத்திக்கொண்டு, படியேறிப் போனார். திட்டாமல் போகிறாரே என்று கோதைக்கு ஆச்சரியமாக இருந்தது.

கருமாதிக்குப் போனபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. அண்ணி இந்தமுறை குத்திப் பேசவில்லை, ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "அன்னிக்கு வாயில வந்ததைச் சொல்லிட்டேன் கோதை, வெங்காயம் கட்டும்போதெல்லாம் உன் பேரைத்தான் சொல்லுவாரு கோதை" என்று தோளில் விழுந்து அழுதாள். கோதை அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிக்குத் தலைசுற்றல் வந்தால் தட்டிக் கொடுப்பதுபோலத் தட்டிக் கொடுத்தாள். அது அவள் கைக்கே தெரிந்தது. அண்ணிக்கும் தெரிந்துவிட்டது. மெதுவாக விலகி, கோதை முகத்தைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டுப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மாலை போட்ட போட்டோவில் மருதமுத்து இருந்தான். அவனைப் பற்றி எல்லாம் கோதைக்கு ஞாபகம் இருந்தது, தோசை ஓரம், சைக்கிள், வெங்காயப் பை, எதுவும் குறையவில்லை. மரத்துப்போன காலைத் தரையில் ஊன்றினால் கால் இருப்பது தெரியும், தரை தெரியாது, அப்படி இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் தன்யஸ்ரீ மடியில் படுத்துக்கொண்டு கேட்டாள். "அம்மா, எல்லாரும் மாமாவுக்கு அழுதாங்க. நான்கூட அழுதேன். நீ எப்பம்மா அழுவ?"

வந்து இறங்கியதும் கோதை கீழ் பாத்ரூமில் குளித்தாள், தண்ணீர் வெறும் தண்ணீராகவே ஓடியது, கழுவிக்கொண்டு போக அவளிடம் எதுவும் இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து சல்லடைக்குள் பார்த்தாள். பளபளவென்று இருந்தது, அவள் தேய்த்த லட்சணம் அப்படி. வாழைப்பழத் தோலைக் கிள்ளிப் போட்டாள், வெல்லத் தண்ணீர் ஊற்றினாள், குழாயைச் சொட்டவிட்டு வழுவழுப்புக் கட்டுமா என்று பார்த்தாள். கொல்வதற்குத்தான் எல்லாருக்கும் வழி தெரியும், வளர்ப்பதற்கு யாரைக் கேட்பது? ஒவ்வொரு மாலையும் பிளாஸ்டிக் நாற்காலிக்காரர்களோடு அவளும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் வீட்டுத் துக்கம்கூட வரவில்லை. ரெஜினா டீச்சரிடம் போய், "டீச்சர், எங்கண்ணனுக்கு அழுதீங்கல்ல, கொஞ்சம் மிச்சம் இருக்குமா?" என்று வாய்விட்டே கேட்டாள். டீச்சர் அவள் கன்னத்தைத் தடவி, "அழுது முடிச்சா போயிடுதேம்மா" என்றார். நாகராஜனும் அதையே சொன்னார். வீடு வீடாகக் கேட்டாள், எல்லாரும் ஒழுங்காக அழுது முடித்திருந்தார்கள்.

ஒரு மத்தியானம் காயப்போட்ட மிளகாயை அள்ள மொட்டை மாடிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சபாபதி தினமும் அந்த நேரத்தில்தான் மேலே வந்து மோட்டார் போடுவார், போட்டுவிட்டுத் தொட்டி நிறையும்வரை காவல் இருப்பார். மோட்டார் சத்தத்துக்கு நடுவில், தொட்டிக்குப் பின்னாலிருந்து, இன்னொரு சத்தமும் வந்தது.

"தட்டெடுத்துக்கிட்டு வந்திருக்கணும்ணே. அண்ணன்தானேன்னு இருந்துட்டேன்ணே. பால்கனியில நின்னுக்கிட்டே கூப்பிடாம இருந்துட்டேனேண்ணே."

குரல் சபாபதியுடையது. பேச்சு துறையூர்ப் பக்கத்துப் பேச்சு. கோதை யாரிடமும் சொல்லாத பேச்சு, அவளே மனசுக்குள் முழுசாகச் சொல்லிப் பார்க்காத பேச்சு. மிளகாய்த் தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தொட்டிக்குப் பின்னால் போனாள். செக்ரட்டரி துண்டை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார்.

"மிளகாய் காயப்போடற இடமா இது? பொது மாடி! யாரைக் கேட்டுப் போட்ட?"

"சார், எங்கண்ணனைக் கூப்பிட்டீங்க."

"நான் எங்கே கூப்பிட்டேன்? மோட்டார் சத்தம்."

"மோட்டாருக்கு எங்க வீட்டு பால்கனி எப்படி சார் தெரியும்?"

சபாபதி போய் சுவிட்சை அணைத்தார். சத்தம் நின்றதும் அவருக்கு ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போயிற்று.

"நீ வெந்நீர் ஊத்தினியே, அப்ப ஒண்ணு தப்பிச்சு வந்து காலர்ல உட்கார்ந்துச்சும்மா. நடுவழியில செக்ரட்டரி உட்கார்ந்து அழுதா நாளைக்கு யாரு என்னை மதிப்பா? அடக்கிக்கிட்டேன். வீட்டுக்குப் போய் அழுதுக்கலாம்னு நினைச்சேன். போய் உட்கார்ந்தா, இதை அழுது தீர்த்துட்டா போயிடுமேன்னு தோணிச்சு. அதான் கொஞ்சம் கொஞ்சமா…" துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "எங்க வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை. அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. தெருவில அண்ணனும் தம்பியும் அடிச்சு உருளறதைக்கூட நின்னு பார்த்துட்டுத்தான் போவேன். இந்த வயசுலதான் எனக்கு ஒரு அண்ணன் இருந்தாரு, தோசையில நடுவை எனக்குக் குடுத்தாருன்னு தெரிஞ்சுது. எப்படிம்மா விடறது?"

கோதை தரையில் உட்கார்ந்தாள். வெயில் சுட்டது, அது மட்டும்தான் சுட்டது.

"சார், எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. வலி மட்டும் இல்லை. எங்கண்ணி கட்டிக்கிட்டு அழுதாங்க, மரக்கட்டையா நின்னேன். பிள்ளை கேக்கறா, நீ எப்பம்மா அழுவன்னு. நான் தெரிஞ்சேதான் ஊத்தினேன் சார், அத்தனை வாளியும் தெரிஞ்சேதான் ஊத்தினேன். கீழ வந்து ஒரு தடவை குளிங்க சார். தண்ணி நான் பிடிச்சு வைக்கிறேன். உங்களை விட்டு இறங்கினா சாக்கடைக்குப் போகும், போனா பூச்சியா வரும், வர்ற வரைக்கும் வாசல்லயே உட்கார்ந்திருப்பேன், வேற யாரு மேலயும் உட்கார விடமாட்டேன்."

"ரொம்ப வலிக்கும்மா."

"தெரியும் சார்."

"உனக்குத் தெரியாது" என்றார் சபாபதி, சத்தம் போடாமல். "எனக்குத்தான் தெரியும்."

எதற்கும் ஒரு வழி வைத்திருக்கிற கோதை, கையில் ஒன்றும் இல்லாமல், அந்தக் கிழவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் அண்ணனுக்காகச் சிவந்திருந்த கண்கள் அவர் முகத்தில் இருந்தன. தன் கண்கள் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள், கூசியது. தொட்டியிலிருந்து தண்ணீர் குழாய் வழியாக வீடு வீடாக இறங்கிப் போகிற சத்தம் கேட்டது.

சபாபதி மறுபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "உன் பொருளு. வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க எனக்கு உரிமை இல்லை. குளிக்கிறேன்."

"சார்…"

"இரு, நான் முடிச்சுக்கிறேன். சாவு வீட்டுக்குப் போகாம அங்க யாரும்மா குளிச்சிருக்கா? அண்ணன் செத்து இத்தனை நாளாச்சு, நான் இன்னும் துக்கம் கேட்கவே போகலை. அவர் போட்டோ முன்னாடி நின்னு ஒரு தடவை வாய்விட்டு அழுதுட்டு வந்துடறேன், எல்லாத்தையும் அழமாட்டேன், உனக்கு மிச்சம் வச்சுத்தான் அழுவேன், அப்புறம் நேரா வந்து குளிச்சிடறேன். என்னை அங்க கூட்டிட்டுப் போம்மா." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், எழுந்திருக்கவில்லை. "அங்க கேப்பாங்க, யாரு இந்தப் பெரியவர், எதுக்கு இவரு இப்படி அழறாருன்னு. அசோசியேஷன் செக்ரட்டரின்னு சொல்லிடாதே. வயசைப் பார்க்காதே கோதை, தம்பின்னு சொல்லு."